ஏழு வீட்டுக்கும் சிவப்புப் பூ

மடுல்சீமை வீதி,
தை 18, ஞாயிறு.

மதிப்புக்குரிய மச்சான் சிதம்பரநாதன் அவர்களுக்கு,

தங்கள் தங்கை ரெங்கம்மா நலம். நாற்பது வருடத்தில் அவளை இவ்வளவு நலமாக நான் பார்த்ததில்லை. பதுளையில் தாங்களும் கடையும் நலமாயிருக்க அம்மனை வேண்டிக்கொள்ளலாமென்றால், அம்மனுக்கும் எனக்கும் இப்போது பேச்சுவார்த்தை இல்லை. காரணம் கீழே வருகிறது. போனில் பேசியிருக்கலாம், ஆனால் போன் இஸ்ராவின் கையில் இருக்கிறது. இஸ்ரா யார் என்பதும் கீழே வருகிறது. என் வீட்டில் எனக்கு உட்கார இடமில்லாமல், கோயில் மண்டபத்தில் அம்மனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எழுதுகிறேன்.

கார்த்திகை மழையில் மண் சரிந்து வீடிழந்த ஐந்து குடும்பங்கள் நம் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தது தங்களுக்குத் தெரியும். அவர்களை அகதிகள் என்று சொல்லக் கூடாதாம், இடம்பெயர்ந்தோர் என்றுதான் சொல்ல வேண்டுமாம். பிரதேச சபையிலிருந்து வந்த தம்பி விளக்கினார். பேரை மாற்றியதில் அவருக்கு அன்றைய வேலை முடிந்தது. சபை வீடு கட்ட நிலம் தேடிக்கொண்டிருக்கிறது, பள்ளிக்கூடமோ திறந்தாக வேண்டும். ஆகவே ரோட்டோரத்தில் ஓர் அறை கூடுதலாக உள்ளவர்கள் ஆளுக்கொரு குடும்பத்தை வைத்துக்கொள்ளுங்கள் என்று சபையின் தலைவி, தவிசாளர் சிவானுஜா கூட்டம் போட்டுக் கேட்டார். அப்படி ஏழு வீடுகள் இருந்தன. ஏழு பேரும் "நல்ல காரியம், நல்ல காரியம்" என்று சொல்லிவிட்டுக் கூரையைப் பார்த்தோம்.

மச்சான், என் அறையைத் தாங்கள் பார்த்திருக்கிறீர்கள். தோட்டத்து லயத்தில், ஒற்றை அறைக் காம்பிராவில் ஒன்பது பேரோடு வளர்ந்தவன் நான். கல்யாணமான பிறகும் நடுவில் ஒரு பழைய சேலைதான் சுவர். தேயிலைத் தொழிற்சாலையில் ஓய்வு பெற்று இந்த வீட்டைக் கட்டி, அறுபத்திரண்டு வயதில் முதல் தடவையாக எனக்கென்று ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். சாத்திவிட்டு அழுதேன். ரெங்கம்மாவுக்குக்கூடத் தெரியாது. ஒரு சாய்வு நாற்காலி, ஒரு ரேடியோ, நான். அதை விட்டுக்கொடு என்றால் எப்படி?

அதனால்தான், "அம்மன்கிட்ட பூக்கட்டிப் பாத்துருவோம்" என்று கூட்டத்தில் எழுந்து சொன்னேன். வெள்ளைப் பூ வந்த வீட்டுக்குக் குடும்பம், சிவப்பு வந்த வீட்டுக்கு விடுதலை. ஐந்து வெள்ளை, இரண்டு சிவப்பு. பொட்டலம் கட்டுவது கோயில் செயலாளர், அதாவது அடியேன். அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டு அழகர் வந்தார். "அண்ணே, நம்ம நாயி புது ஆளுகளப் பாத்தா சோறு திங்காது. பாத்துச் செய்ங்க" என்றார். அடுத்தவர் தன் குறட்டையால் அந்தப் பாவப்பட்ட ஜனங்கள் தூங்க முடியாது என்று அவர்களுக்காகவே கண்ணீர் விட்டார். இப்படி ஆறு பேரும் தனித்தனியாக வந்து போனார்கள். எடுக்கிற பிள்ளையின் கை எந்தப் பொட்டலத்துக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும்? ஆகவே ஏழிலும் செம்பருத்தியை வைத்துக் கட்டிவிட்டேன். ஏழையும் பிரித்தால் ஏழும் சிவப்பாகத்தான் இருக்கும் என்பது, தங்கள் மீது ஆணையாக, எனக்குத் தோன்றவே இல்லை.

சின்னப் பிள்ளை எடுப்பதுதானே வழக்கம்? பள்ளிக்கூடத்திலிருந்து வந்து நின்றவர்களில் ஆறு வயது இஸ்ராவைத் தவிசாளர் கூப்பிட்டார். பிள்ளை வீட்டுக்கு ஒன்றாக எடுத்துப் பிரித்தது. சிவப்பு. சிவப்பு. ஐந்தாவது சிவப்புக்குப் பூசாரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஏழாவதையும் பிரித்துவிட்டு அது தாயைத் திரும்பிப் பார்த்து, "நம்மள யாருக்கும் வேணாமாம்மா?" என்று கேட்டது. தாய் ஸகீனா முன்னால் வந்தாள். "எங்க வீட்ட அடிச்சிட்டுப் போன மண்ணு பூக்கட்டிப் பாத்துட்டா வந்துச்சு?" என்றாள். அந்த நேரம் பார்த்துத் தங்கள் தங்கை எழுந்தாள். "எங்க வீட்டுச் செம்பருத்தி மொட்டையா நிக்குது. நந்தியாவட்டையில ஒரு பூ கொறையல. அம்மன் மேல பழியப் போடாதீங்க, கட்டுனது இந்த மனுசன்" என்றாள். அதோடு விட்டாளா? "அஞ்சு குடும்பமும் நம்ம வீட்டுக்கே வரட்டும்" என்றாள். அப்புறம் மற்ற வீட்டுக்காரர்களுக்கு ரோஷம் வந்து நான்கு குடும்பங்களை அழைத்துப் போனார்கள். ஸகீனா குடும்பம் எனக்கு.

வந்து மூன்று வாரம் ஆகிறது. புருஷனும் பெண்சாதியும் இரண்டு பெண்களும் என் அறையில். நான் கூடத்தில், கோதுமை மா மூட்டைக்குப் பக்கத்தில். சாய்வு நாற்காலியில் மூத்தவள் றுஸைனா உட்கார்ந்து பாடம் படிக்கிறாள், சந்தேகம் வந்தால் என்னைக் கேட்கிறாள், நான் தப்பாகச் சொன்னால் திருத்துகிறாள். ரேடியோவுக்குள் யார் இருக்கிறார் என்று பார்ப்பதற்காக இஸ்ரா அதைக் கழற்றிவிட்டாள். ஸகீனா என் கையால் ஊற்றிய தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "முப்பத்தஞ்சு வருசம் பெக்டரியில இதத்தான் செஞ்சீங்களா, மாமா?" என்கிறாள். ரெங்கம்மாவும் சேர்ந்து சிரிக்கிறாள். வெள்ளிக்கிழமை கருவாடு பொரிக்கக் கூடாது என்று எங்களுக்கு ஞாபகப்படுத்துவதும் ஸகீனாதான்.

ஆகவே மச்சான், தவிசாளரின் தகப்பனார் தங்கள் கடைக்கு வந்து போகிறவர். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லி, இவர்களை வேறெங்காவது மாற்றி என் அறையை மீட்டுத் தர வேண்டும். ரெங்கம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. தாங்கள் நூறு வயது வரை தங்கள் சொந்த அறையில் தூங்குவீர்களாக.

இப்படிக்கு,
கூடத்தில் கிடக்கும் தங்கள் மைத்துனன்
இராசையா

பி.கு.: புதன்கிழமை. கடிதத்தைத் தபாலில் போடுவதற்குள் தவிசாளரே வந்துவிட்டார். அப்புத்தளைப் பக்கம் இரண்டு அறை கிடைத்திருக்கிறதாம், ஸகீனா குடும்பம் போகலாம், இருக்கலாம், கலந்து பேசிச் சொல்லுங்கள் என்றார். ஸகீனா தரையைப் பார்த்தாள். ரெங்கம்மா சுவரைப் பார்த்தாள். இஸ்ரா போய் ரேடியோத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து, "மாட்டிக் குடுத்துட்டுப் போறேன்" என்று என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பூக்கட்டிப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டேன். சிவப்பென்றால் போவது, வெள்ளையென்றால் இருப்பது. இரண்டு பொட்டலம், நானே கட்டினேன், இஸ்ராவே எடுத்தாள். வெள்ளை. தங்கள் தங்கை மற்றப் பொட்டலத்தைத் தொடவில்லை. தோட்டத்துக்குப் போய், ஒரு பூவும் குறையாமல் நின்ற செம்பருத்திச் செடியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தாள். வந்து எனக்கு ஒரு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள், ஒன்றும் கேட்கவில்லை. தவிசாளரின் தகப்பனாரிடம் தாங்களும் ஒன்றும் சொல்ல வேண்டாம்.