பூசணிக்காய்க்கு வைத்த மருந்து

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில், வெள்ளிக்கிழமையானால் எடமலைப்பட்டி புதூர் பஸ்ஸில் நிற்க இடம் கிடையாது. திருச்சியின் வயிறுகளெல்லாம் வீரம்மாளைத் தேடிப் போய்க்கொண்டிருந்தன. யாரோ சோற்றில் கலந்து கொடுத்த வசிய மருந்தை அந்த அம்மாள் பித்தளைக் குழலால் உறிஞ்சி எடுப்பாளாம். தலைமுதல் கால்வரை மஞ்சள் துணியால் மூடிப் படுக்க வேண்டும். துணிக்கு மேலேயே தொப்புளில் குழலை வைத்து ஓர் இழு. முடிச் சுருளும் நகத்துண்டும் தட்டில் விழும். தோலிலும் ஓட்டை இல்லை, துணியிலும் ஓட்டை இல்லை. டாக்டர்கள் பாவம், வீணாய்ப் படித்துவிட்டார்கள்.

காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் தங்கையன் ஒருநாள் மனைவி அமிர்தத்தின் சேலையைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டான். தாய் இருளாயிக்கு அது போதாதா? மகனை வீரம்மாளிடம் இழுத்துப் போனாள். முடி வந்தது. "வச்சவ முடிதான் வரும்" என்றாள் வீரம்மாள். அன்று சாயங்காலமே அமிர்தம் அண்ணன் வீட்டுக்குத் துரத்தப்பட்டாள். அவளை விலக்கிவிட்டுத் தங்கையனுக்கு வேறு பெண் பார்ப்பதாகப் பேச்சு.

அண்ணன் அடைக்கலம் டவுனில் சலூன் வைத்திருந்தான்.

"தட்டுல விழுந்த முடி எப்படி இருந்துச்சு?" என்று தங்கையைக் கேட்டான்.

"அத்தை பொட்டலம் கட்டியாந்து காட்டுச்சு. பொடிப்பொடியா இருந்துச்சுண்ணே."

"உன் முடி இடுப்பு வரைக்கும் இருக்கே."

அவனுக்கு வேறொன்றும் உறைத்தது. வாழைக்கு உரமென்று சொல்லி வியாழக்கிழமைதோறும் சலூன் முடியை அள்ளிப் போகிறவன் வீரம்மாளின் புருஷன்.

அடுத்த வெள்ளிக்கிழமை, தனக்கும் மருந்தெடுக்க வேண்டுமென்று சொல்லி இருளாயியையும் தங்கையனையும் அழைத்துப் போனான். அமிர்தமும் கூட வந்தாள். அடைக்கலம் மூடிப் படுத்தான். ஒரு நாளைக்கு நூறு வயிறு பார்க்கிற வீரம்மாள் குழலால் தட்டிப் பார்த்தாள்.

"பழைய மருந்து. கல்லா இறுகிக் கெடக்கு."

மூன்று இழு இழுத்தாள். முடிச்சுருள் ஒன்று, நகத்துண்டு இரண்டு. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

அமிர்தம் துணியை விலக்கினாள். துண்டுக்குள் ஒளித்துக் கொண்டுவந்த பாதிப் பூசணிக்காய் அண்ணன் வயிற்றின்மேல் கவிழ்ந்திருந்தது.

"பூசணிக்காய்க்கு யாருங்க மருந்து வச்சது?" என்று கேட்டாள்.

"காயையும் தாண்டி எடுத்திருக்கேன்டி" என்று சமாளித்தாள் வீரம்மாள்.

"சரிங்க. வாயைக் கொப்புளிச்சுட்டு இன்னொரு தரம் எடுங்க" என்று அடைக்கலம் செம்புத் தண்ணீரை நீட்டினான்.

அவள் மறுத்தாள். கூட்டம் விடவில்லை. கொப்புளித்தாள். வரிசையில் அடுத்து நின்ற இரண்டு பேருடைய மருந்தும் முன்கூட்டியே அவள் வாயிலிருந்து தட்டில் விழுந்தது.

அடைக்கலம் எழுந்து உட்கார்ந்தான்.

"தினம் இருபது பேர் தோல்ல கத்தி வைக்கிறவன் சொல்றேன். காவேரியில முங்கிக் குளிக்கிறீங்களே, வயித்துல தண்ணி ரொம்புதா? தண்ணியே நுழையாத தோல் வழியா வயித்துல கெடக்குற முடி எப்படிங்க வெளிய வரும்? தோல்ல இருக்கிறது வேர்வை வர்ற பொடி ஓட்டை, அவ்வளவுதான். முடிக்கும் நகத்துக்கும் உசுரு வேர்ல இருக்கு. அதான் வெட்டுனா வலிக்கல. வெட்டிப்போட்ட செத்த முடி யாரை மயக்கும்?"

இருளாயி விடுவாளா? "அப்ப என் மவன் சேலை தொவைச்சது?"

"எனக்குக் காய்ச்சல் அத்தே. அதான் தொவைச்சாரு."

இருளாயி தலையைக் குனிந்துகொண்டாள். தங்கையன் மெல்ல வந்து, "வீட்டுக்கு வா அமிர்தம்" என்றான்.

"அந்தம்மா வாயில முடி இருந்துச்சு. என்னைத் தொரத்தினப்ப உங்க வாயில என்னங்க இருந்துச்சு?"

பதில் யோசித்துக்கொண்டு வரட்டும் என்று அவள் அண்ணனோடு பஸ் ஏறினாள்.

அதே பஸ்ஸில் ஒருவர் பக்கத்து ஆளைக் கேட்டார்: "லால்குடியில ஒருத்தர் எடுக்கிறாராமே, நல்லா எடுப்பாரா?"

தோல் என்னவோ உடம்பைச் சுற்றிக் கண்டதையும் உள்ளே விடாமல் காவல் காக்கிறது. காதுக்கும் மூளைக்கும் நடுவில் ஒரு துண்டுத் தோலை நீங்களே போட்டுக்கொள்ளக் கூடாதா, புண்ணியவான்களே?