அக்காவின் ஸ்பேனர்களை நான் விற்ற கதை

யூடியூப் பார்த்து மெக்கானிக் ஆனவர்கள் இந்த நாட்டில் ஏராளம். நானும் ஆகியிருக்கிறேன். என் மெக்கானிக் வாழ்க்கை ஒரு சனிக்கிழமை தொடங்கி ஞாயிற்றுக்கிழமை மாலை முடிந்தது. அதில் நான் ஒழுங்காகக் கழற்றியது ஒரே ஒரு போல்ட். (அதையும் தொலைத்துவிட்டேன்.) சிரிப்பாகச் சொல்லிவிடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். இப்போதே காது சுடுகிறது.

எங்கள் ராணி அக்கா பள்ளி வேன் ஓட்டுகிறாள். ரஹாங்கில் எங்கள் வீட்டிலிருந்து விடியுமுன் கிளம்பி, சிரம்பானுக்கு வெளியே செம்பனைத் தோட்டங்களில் மிச்சமிருக்கும் லயன் வீடுகளுக்குப் போய், பதினோரு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தமிழ்ப்பள்ளியில் இறக்குவாள். அந்தப் பக்கம் பஸ் கிடையாது. அக்கா வேன் வராவிட்டால் அந்தப் பதினோரு பேருக்கும் அன்று பள்ளிக்கூடம் இல்லை. அவள் ஒரு நாள்கூட நிறுத்தியதில்லை. காய்ச்சலில்கூட கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஓட்டியவள்.

வேனின் சின்னச் சின்ன ரிப்பேரை அவளே பார்த்துக்கொள்வாள். அதற்கென்று ஆறே ஆறு சாமான் வைத்திருந்தாள். மூன்று சாக்கெட், இரண்டு ஸ்பேனர், சாக்கெட்டை மாட்டித் திருப்பும் ரேட்செட் ஒன்று. பழைய கைலித் துணியில் சுற்றி, டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கும். பளபளப்பு போய், மூலையெல்லாம் தேய்ந்து, பார்க்கவே பரிதாபமாக இருக்கும். ஆபீஸில் கிராணி வேலையில் ஏசி காற்று வாங்கும் எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் அக்காமேல் இரக்கம் பொங்கும். பொங்கிய இரக்கத்தை அடுப்பிலிருந்து இறக்கியிருக்கலாம். நான் ஆன்லைனில் ஆஃபர் தேடினேன்.

முப்பத்தெட்டு பீஸ் செட் இருந்தது, எண்பத்திரண்டு இருந்தது, அப்புறம் நூற்றெட்டு இருந்தது. நீங்களே சொல்லுங்கள், நூற்றெட்டு என்று பார்த்த பிறகு நம்மவன் ஒருவன் எண்பத்திரண்டை வாங்குவானா? நூற்றெட்டுப் போற்றி, நூற்றெட்டுச் சங்கு, நூற்றெட்டுத் தேங்காய் என்று கோயிலிலேயே வளர்ந்தவன் நான். இரும்பு என்ன ரகம், யார் செய்தது, எதையும் பார்க்கவில்லை. எண்ணைப் பார்த்தேன், கன்னத்தில் போட்டுக்கொண்டேன், பட்டனை அழுத்திவிட்டேன்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் பெட்டி வந்தது. திறந்தால் கண்ணாடி போல மின்னியது. (நூற்றெட்டில் பாதி, திருகாணிக்கு மாட்டும் விரல்நகம் அளவு துண்டுகள் என்பதை அன்று நான் எண்ணிப் பார்க்கவில்லை.) மறுநாள் அம்மா அக்காவின் ஆறு சாமானையும் சாமி முன் வைத்து ஆளுக்கொரு பொட்டு வைத்தார். என் செட்டுக்கு நானே உட்கார்ந்தேன். நூற்றெட்டுக்கும் தடவித் தடவிச் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்து எழுந்தபோது முதுகு பிடித்துக்கொண்டது.

"இது உனக்குத்தாங்கா" என்றேன்.

அக்கா ரேட்செட்டைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்த்தாள். உள்ளே எதுவோ கடகடத்தது. "நல்லா இருக்குடா" என்று சொல்லி, தன் ஆறையும் கைலியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். அந்த "நல்லா இருக்குடா"வின் அர்த்தம் இன்று எனக்குத் தெரியும்.

அன்று தெரியாததால், சனிக்கிழமை பழைய இரும்பு லோரி மைக்கில் கூவிக்கொண்டு எங்கள் சந்துக்குள் வந்தபோது, ஓடிப்போய் வேனிலிருந்து அந்தக் கைலி மூட்டையை எடுத்தேன். அக்கா கடைக்குப் போயிருந்தாள். கேட்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. லோரிக்காரர் மூட்டையைப் பிரித்து, பதினாலு நம்பர் சாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நல்ல சாமான் பாங், நிஜமாகவே வேண்டாமா?" என்று மலாயில் கேட்டார். பழைய இரும்பு வாங்குகிறவரே கேட்கிறார்! நான் தர்மப் பிரபு மாதிரி கையை வீசி, "எடுத்துக்கிட்டுப் போங்க" என்றேன். அவர் கொடுத்த காசில் ரொட்டி சானாய் வாங்கித் தின்றேன். நன்றாகவே இருந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

ஞாயிறு காலை அக்காவும் அம்மாவும் போர்ட்டிக்சனில் ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். வேனுக்கு மாற்றவேண்டிய பிரேக் பேட் வீட்டில் தயாராக இருந்தது. திங்கட்கிழமை பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து மாற்றுவதாக அக்கா சொல்லியிருந்தாள். நான் இன்றே மாற்றிவிட்டு, அவள் வந்ததும் சாவியை நீட்டி, "பார்த்தியா?" என்று கேட்பதாகத் திட்டம்.

எதிர்வீட்டு தாஸ் அங்கிள் பாலில்லாத தே-ஓ கப்போடு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி, அக்காவுக்குத் தெரியுமா?"

"சர்ப்ரைஸ் அங்கிள்."

"ஆமாலா, சர்ப்ரைஸாதான் இருக்கும்."

சக்கரத்தைக் கழற்றியவரை சரி. பிரேக்கைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டில் மேல் போல்ட்டுக்கு, சந்தனம் உதிர்ந்து நம்பர் தெரிந்த பதினாலு சாக்கெட்டை மாட்டி, ஒரு தம் கட்டி இழுத்தேன். போல்ட் இளகியது. அதே நொடியில் சாக்கெட் பிஸ்கட் மாதிரி இரண்டாகப் பிளந்தது. இளகியதைக் கையால் சுழற்றி எடுத்து, வெற்றியோடு அங்கிளுக்குத் தூக்கிக் காட்டியபடி பின்னால் ஓர் அடி வைத்தேன். பின்னால் லொங்காங். சாக்கடைக்குள் நான் விழுந்தேன், போல்ட்டும் விழுந்தது. நான் மட்டும் வெளியே வந்தேன்.

"அலாமாக்!" என்றார் அங்கிள். கப்பை மட்டும் கீழே வைக்கவில்லை.

அதோடு நிறுத்தியிருந்தால்கூட நான் மனிதன். நூற்றெட்டில் இன்னொரு பதினாலு இல்லாமலா போகும் என்று தேடினேன். மற்ற எந்த சாக்கெட்டிலும் நம்பர் தெரியவில்லை. காய்ந்த சந்தனம் எல்லாவற்றையும் மூடியிருந்தது. பார்வைக்குச் சரியாக இருந்த ஒன்றைக் கீழ் போல்ட்டில் மாட்டி இழுத்தேன். அழகாகச் சுற்றியது! ஐந்து சுற்று, ஆறு சுற்று, என்ன சுகமான வேலை என்று நினைத்தேன். எடுத்துப் பார்த்தால் போல்ட் இம்மிகூட நகரவில்லை. அதன் தலையில் இருந்த ஆறு மூலையும் மழுங்கி, கோலிக்குண்டு மாதிரி ஆகியிருந்தது. சந்தனத்தைச் சுரண்டினேன். பதினைந்து.

மெக்கானிக் கடைகள் எல்லாம் ஞாயிறு விடுமுறை. தாஸ் அங்கிளின் குறடு வழுக்கியது. மாலை ஐந்து மணிக்கு அக்கா பட்டுப் புடவையோடு வந்து இறங்கினாள். ஜாக்கின் மேல் நின்ற வேனையும், சாக்கடைச் சேறு காய்ந்த என்னையும் பார்த்தாள். திட்டவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்து போல்ட்டைத் தடவினாள்.

"பரவால்லடா, விடு. மூல போனாலும் என் சாக்கெட் பக்கத்தைப் பிடிக்கும். சுத்தியல்ல தட்டி ஏத்தி எடுத்துரலாம். சீட்டுக்கு அடில இருக்கு பாரு, கொண்டா."

நான் நகரவில்லை.

"கொண்டாடா!"

"இல்லக்கா."

"என்னா இல்ல?"

"பழைய இரும்பு லோரில... போட்டுட்டேன்."

அக்கா நிமிர்ந்தாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். தாஸ் அங்கிள் இப்போதுதான் கப்பைக் கீழே வைத்தார்.

"ஆறுமா?" என்றாள் அக்கா. தலையாட்டினேன். "வேன் வாங்குனதுலேருந்து ஒண்ணொண்ணாத் தேடித் தேடி வாங்குனதுடா. என்னய ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலயா?" சொல்லும்போதே குரல் உடைந்தது. கல்யாணத்துக்கு வைத்த கண்மையோடு அவள் அழுதாள். ஓர் அறை விட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

அப்புறம் படியில் உட்கார்ந்து ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்தாள். "நாளைக்கு வேன் ஓடாதுங்க. மன்னிச்சிருங்க." பதினோரு பிள்ளைகளின் ஒன்பது வீட்டுக்கும் ஒன்பது முறை அதையே சொன்னாள். என் பெயரை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. ஒன்பதாவது போன் முடிவதற்குள் எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

"நான் லீவு போடுறேன். என் காடில ஏத்திட்டுப் போறேன்கா" என்றேன். என் காடி என்பது நான்கு பேரோடு மூச்சு வாங்கும் சின்ன கார். திங்கட்கிழமை மூன்று நடை போனேன். கடைசி மூன்று பிள்ளைகள் பள்ளிக்குச் சேரும்போது காலைச் சபைகூடல் முடிந்திருந்தது. கேட்டில் இருந்த ஆசிரியை தாமதத்துக்குக் காரணம் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இரண்டாம் வகுப்புப் பொடிசு ஒன்று பெருமையோடு சொன்னது: "இந்த அங்கிள் சாமானெல்லாம் வித்துட்டாரு டீச்சர்!" அக்கா என் பெயரைச் சொல்லாவிட்டால் என்ன, தாஸ் அங்கிளின் தங்கை அந்த லயனில்தான் இருக்கிறார்.

மெக்கானிக் வந்து மழுங்கிய போல்ட்டை வெட்டி எடுத்தார். செவ்வாய்க்கிழமை வேன் ஓடியது. ஆனால் இரண்டு பிள்ளைகள் வேறு வேனுக்கு மாறிவிட்டார்கள். நல்ல குடும்பம்தான், குறை சொல்ல முடியாது. பிரேக்கை யார் யாரோ கழற்றுகிற வேனில் யார் பிள்ளையை ஏற்றுவார்கள்?

சம்பளம் வந்ததும் லோபாக்கில் ஜப்பான் பழைய சாமான் விற்கும் ஒரு கடைக்கு அக்கா என்னை இழுத்துப் போனாள். மினுமினுப்பாக இருந்த ஒன்றை நான் எடுத்தேன். என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டாள்.

"உள்ள பாரு. பன்னெண்டு பல்லு இருந்தா மூலய மட்டும்தான் பிடிக்கும். ஆறு பக்கம் இருக்கறத எடு. போல்ட்டுல மாட்டுனா ஆடக்கூடாது. செட்டு வேணாம், நமக்கு எது வேணுமோ அது மட்டும் போதும். மாசத்துக்கு ஒண்ணு."

அப்படியே மாதம் ஒன்றாக ஆறு மாதம் வாங்கிக் கொடுத்தேன். ஆறாவதை வாங்கியபோது, "இப்பத்தான் ஒழுங்கா வாங்கக் கத்துக்கிட்ட" என்றாள். மன்னிப்பு கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

அடுத்த வாரம் அந்த ஆறையும் ஓர் இரும்புப் பெட்டியில் போட்டு, பூட்டு மாட்டினாள். அந்தப் பூட்டுக்கு நான்கு சாவி. ஒன்று அக்காவிடம், ஒன்று அம்மாவிடம், ஒன்று தாஸ் அங்கிளிடம். எனக்குக் கல்யாணம் ஆன அன்று, மொய் வாங்கி முடித்து எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அக்கா மேடை ஏறி வந்து நான்காவது சாவியை என் மனைவியின் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"பத்திரம்மா" என்றாள், என்னைப் பார்த்துக்கொண்டே. "இவன்கிட்ட மட்டும் குடுத்துராத."