நாலு மணி வெயிலும் மயில்கழுத்து டாங்க்கும்

குமரி மாவட்டத்தில் சூரியனையே கையாளாக வைத்து வேலை வாங்கும் ஒரே மனிதர் புதுக்கடை நாலுமணி அண்ணன்தான். நேரத்துக்கு வராவிட்டால் மற்றக் கையாட்களை ஏசுவதைப் போலவே அதையும் ஏசுவார்.

மோட்டார் சைக்கிள் பெட்ரோல் டாங்க்குக்குப் பெயின்ட் அடிப்பது அவர் தொழில். கம்பெனி கொடுக்கும் நிறமல்ல, அவரவர் மனம்போலக் கேட்கும் நிறம். ஒடுங்கிய இடத்தை நிமிர்த்துவார், பட்டி பூசுவார், தண்ணீர் தொட்டுத் தேய்ப்பார். இவையெல்லாம் எந்த நேரத்திலும் நடக்கும். நிறம் பார்ப்பது மட்டும் மாலை நான்கு மணிக்கு, மேற்கு நோக்கிய அவருடைய கடைப் படியில்.

"காலம்பற வெளிச்சத்துல நீலம் கூடும். உச்சி வெயிலு எல்லாத்தையும் வெளுப்பிக்கும். டியூப் லைட்டு கள்ளச் சாட்சி. நாலு மணிக்குத்தான் நெறம் உள்ளதச் சொல்லும், கேட்டியா" என்பார். இதைச் சொல்லிச் சொல்லியே அவருடைய சொந்தப் பெயர் அழிந்துவிட்டது. ஒருமுறை வாக்காளர் பட்டியலோடு வந்த அலுவலர் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தபோது, அப்படி ஓர் ஆள் இங்கே இல்லவே இல்லை என்று தெருவே சாதித்தது. கூட்டத்தில் நின்ற நாலுமணி அண்ணனும் தலையாட்டினார்.

குளச்சல்காரர் ஒருவர் தமது வள்ளத்தின் முகப்பு நிறத்திலேயே டாங்க் வேண்டும் என்று கேட்டார். அண்ணன் நான்கு மாலைகள் துறைமுகத்தில் போய் நின்றார். வள்ளத்துக்காரர் முதல் நாளே சம்மதித்த நிறத்தை அண்ணன் நான்காம் நாள்தான் சம்மதித்தார். கண்ணில் புரை எடுத்தபோது, கட்டை அவிழ்த்த டாக்டர் எழுத்துப் பலகையைக் காட்டி வாசிக்கச் சொன்னார். அண்ணன் வாசிக்கவில்லை. "சாரே, அந்தச் சுவரு ரெண்டு பேரு அடிச்சது. எடப்பக்கம் அடிச்சவன் ஒரு பொட்டு மஞ்ச கூட்டிட்டான்" என்றார். அறுவை சிகிச்சை வெற்றி என்று டாக்டர் எழுதிக்கொண்டார். இத்தனை பெரிய நிபுணரின் சொந்த வண்டியோ ஆறு ஆண்டுகளாக வெறும் பிரைமர் பூசிய சாம்பல் நிறத்தில்தான் ஓடுகிறது. அதற்கு ஏற்ற நிறம் இன்னும் அவருக்குத் தோன்றவில்லையாம்.

அவருக்கு இரண்டாவது சட்டம் ஒன்றும் உண்டு. ஈரப் பெயின்டின் முன்னால் யாரும் வாய் திறக்கக் கூடாது. பேசினால் எச்சில் தெறிக்கும், மூச்சில் தூசி எழும்பும் என்பது அவர் வாதம். எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் ஐந்து நிமிட அவகாசத்தில் பத்து நிமிடம் பேசக்கூடிய என்னை, அந்தச் சட்டத்தின் கீழ் ஒன்பது நாள் நிறுத்திவைத்தது ஒரு கோப்பை.

கோட்டாற்றில் ஒரு சொற்போர். "இன்றைய இளைஞரிடம் பொறுப்புணர்வு வளர்ந்திருக்கிறதா, குறைந்திருக்கிறதா?" வளர்ந்திருக்கிறது என்று நான் முழங்கினேன். முதல் பரிசு எனக்கே. பளிங்கு அடிக்கட்டை வைத்த, முழங்கால் உயரக் கோப்பை. அதை டாங்க்கின் மேல் துண்டால் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினேன். அந்த வண்டி என்னுடையதன்று, குவைத்தில் இருக்கும் அக்காள் கணவர், என் அத்தானுடையது. போகும்போது அவர் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: "மக்கா, வாரத்துக்கு ஒருக்க ஸ்டார்ட் பண்ணி மட்டும் வை, ஓட்டாத." பாதி வழியில் ஒரு வேகத்தடை வந்தது. துண்டு அவிழ்ந்தது. கோப்பை எழும்பி, கவிழ்ந்து, பளிங்கு முனையால் டாங்க்கில் எலுமிச்சை அளவுக்கு ஒரு பள்ளமும் ஒரு சாண் கீறலும் போட்டுவிட்டுச் சாலையோரம் உருண்டது. கோப்பைக்கு ஒரு கீறலும் இல்லை. பத்தாம் நாள், சனிக்கிழமை காலை, அத்தான் விடுமுறைக்கு ஊர் வருகிறார்.

மறுநாள் நாலுமணி அண்ணனின் கடை வாசலில் நின்று, நடந்ததை முன்னுரையோடு எடுத்துரைக்கத் தொடங்கினேன்.

"மீட்டிங் போட வந்தியா, வேலைக்கு வந்தியா?"

"வேலைக்கு, அண்ணே."

"அப்போ வாய ஓஃப் பண்ணிட்டு டாங்க்கக் கழத்து."

கழற்றிக் கொடுத்தேன். மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பள்ளத்தில் விரலை வைத்தார். "நல்லா சளுங்கியிருக்கு. இது எனக்க வேல. மயில்கழுத்து. நேர பாத்தா நீலம், சரிச்சா பச்ச." பிறகு என்னைப் பார்த்தார். "ஷெட்டுல நின்ன வண்டி இம்புட்டு வெளுக்காதே. எத்தன தடவ எடுத்த?"

"இதோடு பதினொன்று."

"பதினோரு தடவைக்கு இம்புட்டு வெளுக்காது."

ஞாயிற்றுக்கிழமைகளைச் சேர்க்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டேன். கீழ் நீதிமன்றம் முதல் மேல் நீதிமன்றம் வரை வாதாடும் துணிவுள்ள என்னிடமிருந்து, ஒரு டாங்க்கை வைத்துக்கொண்டு அவர் உண்மையைக் கறந்துவிட்டார்.

"வெளுத்தது சாட்சிக்கு ஆவாது. முழுசாத்தான் அடிக்கணும். உனக்க அக்காக்க நிச்சயச் சாரி கொண்டு வா."

விஷயம் இதுதான். திருமணம் முடிந்த புதிதில் அத்தான் அக்காளின் நிச்சயச் சேலையைக் கொண்டுவந்து காட்டி, இந்த நிறம்தான் வேண்டும் என்று கேட்டாராம். அதைப் பார்த்துத்தான் அண்ணன் அந்த டாங்க்கை அடித்திருக்கிறார்.

"மிக்ஸிங் எழுதி வைக்கவில்லையா, அண்ணே?"

"எழுதி வெச்சா கண்ணு மடி புடிச்சிரும், பெறவு வேல செய்யாது."

"டாங்க் புதிதுபோல இருந்தால் அத்தானுக்குச் சந்தேகம் வராதா?"

"நீ ஓட்டவே இல்லன்னு நெனச்சு சந்தோசப்படுவாரு. போ, சாரிய எடு."

அத்தான் வெளிநாடு போனது முதல் அக்காள் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். அவளுடைய பீரோ எப்போதும் பூட்டியிருக்கும். அன்று சாவி கதவிலேயே தொங்கியது. அடுக்கின் உச்சியிலேயே மயில்கழுத்துப் பட்டு இருந்தது. எனது மதிநுட்பத்துக்கு இயற்கையும் ஒத்துழைக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். டாங்க் இல்லாமல் நான் உருட்டி வந்து முன் ஷெட்டில் நிறுத்திய வண்டியின் மேல் ஒரு தலையணையை வைத்து, மேலே தார்ப்பாய் போர்த்தினேன். தூரத்திலிருந்து பார்த்தால் வண்டிதான். கிட்டே வந்தால் நோயாளி.

பட்டியும் பிரைமரும் இரண்டு நாளில் முடிந்தன. பிறகு நிறம் பார்க்க வேண்டும். அது ஐப்பசி மாதம். காலையில் பளீரென்று வெயில் அடிக்கும், மூன்றரைக்கு மேற்கே இருட்டும், நான்கு மணிக்குச் சரியாக மழை கொட்டும். தினமும் மூன்றே முக்காலுக்கு நான் சேலையோடு படியில் ஆஜராவேன். அண்ணன் மூன்று தகரத் துண்டுகளில் மூன்று கலவைகளை அடித்துக் காயவைத்து, வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். முதல் துளி தகரத்தில் விழுந்ததும், "இன்னைக்கும் லீவு போட்டுட்டான்" என்று சூரியனைக் குறிப்பிட்டுவிட்டு உள்ளே போவார். நான் சேலையைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு நனைந்து வீடு சேர்வேன். மூன்றாம் நாளும் அப்படி. நான்காம் நாளும் அப்படி. ஐந்தாம் நாள் அக்காள், "எனக்க தலையணைய பாத்தியாடா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். பொறுப்புணர்வு வளர்ந்திருக்கிறது என்று முழங்கிய வாய் அது.

ஆறாம் நாள் பொறுமை கெட்டது. அண்ணன் டீ குடிக்கப் போன நேரத்தில், தகரத் துண்டுகளைச் சேலையோடு சேர்த்து வைத்துக் கைபேசி விளக்கை அடித்துப் பார்த்தேன். இரண்டாவது துண்டு அச்சு அசலாகப் பொருந்தியது. திரும்பினால் வாசலில் அண்ணன்.

"இரண்டாவது பொருந்துகிறது அண்ணே. இன்றே அடித்துவிடலாமே."

அவர் அந்தத் துண்டை எடுத்துச் சன்னல் பக்கம் நீட்டினார். இப்போது அது வேறு ஒரு பச்சை. காயல்தண்ணீரின் பச்சை.

"அத்தான் டார்ச் அடிச்சா பாப்பாரு?" என்று கேட்டுவிட்டு, பலகைக் கதவை எடுத்துப் பூட்டத் தொடங்கினார். ஏழாம் நாள் பிரைமர் வண்டியில் ஏறி எங்கோ போய்விட்டார். வெப்ராளமும் பதற்றமுமாக இரண்டு முறை வேதப்புத்தகத்தைத் திறந்து, எதையும் வாசிக்காமல் மூடினேன். குற்றத்தை ஒப்புக்கொள்ள நேர்ந்தால் சொல்வதற்கென்று முன்னுரை, மூன்று வாதங்கள், முடிவுரை என்று ஓர் உரையும் தயாரித்தேன்.

எட்டாம் நாள், வியாழக்கிழமை. நான்கு மணிக்கு மழை தூறிக்கொண்டே இருந்தது. நான்கு பத்துக்கு மேற்கே மேகம் ஒரு விரல் அகலத்துக்குப் பிரிந்தது. சாய்வாக ஒரு கற்றை வெயில் படியில் வந்து விழுந்தது.

"சாரியப் புடி. தரையில முட்டாம புடி. வாய் தெறந்து பறயாத."

இரண்டு கைகளையும் விரித்து அக்காளின் நிச்சயச் சேலையை நடுத்தெருவில் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு மீன் லாரி சேற்றை வாரி இறைத்துக்கொண்டு வந்தது. நான் சேலையோடு ஒரு சுற்றுச் சுற்றி என் முதுகில் அதை வாங்கிக்கொண்டேன். வாய் திறக்கவில்லை. அண்ணன் மூன்று துண்டுகளையும் பார்த்தார், மூன்றையும் தள்ளினார். ஒரு கிண்ணத்தில் குச்சி முனையால் ஒரு பொட்டு கறுப்பு விட்டுக் கலக்கி, நகத்தில் தொட்டு, அந்த நகத்தைப் பட்டின் அருகே கொண்டுபோனார். மேகம் மூடத் தொடங்கியது.

"கிட்டியாச்சு" என்றார். அவர் நகம் எங்கே முடிகிறது, சேலை எங்கே தொடங்குகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

அன்றே நிறம் அடித்தார். மறுநாள் காலை கிளியர் பூச்சு. வெள்ளி மாலை நான் உருட்டிச் சென்ற வண்டியில் டாங்க்கை மாட்டிக் கொடுத்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "காலம்பற காட்டாத. நாலு மணிக்குக் காட்டு. எனக்க வேலைக்குக் கெட்ட பேரு வந்துரப்பிடாது."

அத்தான் திருவனந்தபுரத்தில் இறங்கி, சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்துவிட்டார். எட்டிலிருந்து நான்கு வரை எட்டு மணி நேரம். வாழ்க்கையில் நான் பேசிய மிக நீண்ட உரை அதுதான். குவைத்தின் தட்பவெப்பம் பற்றி விசாரித்தேன். ரப்பர் விலையின் வீழ்ச்சியை விளக்கினேன். ஆச்சரியம் என்னவென்றால், அத்தான் எல்லாவற்றுக்கும் இணங்கினார். கேரம் ஆடலாமா என்றால் ஆடினார். தூங்குகிறீர்களா என்றால் தூங்கினார். எழுந்ததும் ஷெட்டுப் பக்கச் சன்னலைத் தாமே சாத்தினார். இரண்டு ஆண்டு கழித்து வந்த மனிதர் தம் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. கேட்காதது கேட்பதைவிடப் பயமாக இருந்தது.

அன்று மழை இல்லை. சரியாக நான்கு மணிக்கு அத்தான் சட்டையை மாட்டிக்கொண்டு, "வா மக்கா, வண்டியப் பாப்பம்" என்றார்.

தார்ப்பாயை நான்தான் விலக்கினேன். சாய்ந்த வெயிலில் டாங்க் நீலமாக நின்றது. அத்தான் தலையைச் சரித்தார், பச்சையானது. கையால் ஒருமுறை தடவினார். பள்ளம் இருந்த இடத்தைக் கை கடந்துபோனது. தப்பித்துவிட்டேன். என் முன்னுரை, மூன்று வாதங்கள், முடிவுரை எதுவும் தேவையில்லை. ஆனால் அந்த வெளிச்சத்தில் அந்த நிறத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"அத்தான், கப்பு இடிச்சுது" என்றேன்.

"தெரியும்" என்றார் அத்தான். "அன்னைக்கே நாலுமணி அண்ணன் போன் பண்ணியாச்சு. உடமஸ்தன்கிட்ட கேக்காம டாங்க்கத் தொடமாட்டாராம். ஆனா நாலு மணி ஆவாம பாக்கப்பிடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. காலம்பற இருந்து நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

பின்னால் அக்காள் நின்றாள். "இவரு போன்ல சொன்னதும் சாரிய மேல எடுத்து வெச்சது நான்தான், நீ கெடந்து மத்ததக் கசக்காம இருக்கட்டுன்னு. இனி அந்தத் தலையணையத் தா" என்றாள்.

அடுத்த வாரம் கோப்பையை அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. "பித்தள நெறம் இப்போ பாக்கப்பிடாது. வெச்சிட்டுப் போ" என்றார். அதன் பிறகு ஏழெட்டுக் கோப்பைகள் வாங்கிவிட்டேன். அவையெல்லாம் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. முதல் கோப்பை அந்தக் கடையில் அண்ணனின் தூரிகைகளைத் தாங்கி நிற்கிறது. நான்கு மணிக்குப் புதுக்கடையில் இருக்க நேர்ந்தால் அந்தப் படியில் போய் உட்காருவேன். அவர் வானத்தைப் பார்ப்பார், நான் அவரைப் பார்ப்பேன். வெயில் போகும்வரை நான் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை.