அம்பு மேல்நோக்கியே இருக்கட்டும்

சித்திரபுரி என்று ஒரு நாடு. அந்த நாட்டு மன்னர் மழை பெய்ததா என்று அமைச்சர்களைக் கேட்பதில்லை. மழை பெய்ததைக் காட்டும் படம் தயாராகிவிட்டதா என்றுதான் கேட்பார்.

மன்னர் உத்துங்கசேனரைக் கொடுங்கோலர் என்று சொல்லிவிட முடியாது. அவருக்குப் பொறுமை கிடையாது, அவ்வளவுதான். மாடு தொலைந்துபோனதைச் சொல்ல வருகிற குடியானவர் அது கன்றுக்குட்டியாக இருந்த நாளிலிருந்து ஆரம்பிப்பார். மன்னருக்குக் கொட்டாவி வந்துவிடும். இந்தக் கொட்டாவியைத் தீர்ப்பதற்காகவே கடல் கடந்த தேசத்திலிருந்து சாராம்ச பண்டிதர் என்ற ஆலோசகர் வரவழைக்கப்பட்டார். பல மன்னர்களுக்கு ஆலோசனை சொன்னவர் என்று அவரைப் பற்றிப் பெருமையாகப் பேசினார்கள். அந்த மன்னர்களின் நாடுகள் இப்போது எப்படி இருக்கின்றன என்று யாரும் விசாரிக்கவில்லை.

வந்த கையோடு பண்டிதர் பலகைச் சட்டத்தைக் கொண்டுவந்தார். இனி அரசவையில் யாரும் வாயால் குறை சொல்லக் கூடாது. பலகையில் வரைந்து காட்ட வேண்டும். ஒரு பலகைக்கு ஒரு செய்தி. அதற்குக் கீழே மூன்று குறிப்புகள், நான்காவது கூடாது. சிவப்பு மை மன்னரின் கண்ணுக்கு ஆகாது. அம்பு வரைந்தால் அது மேல்நோக்கியே இருக்க வேண்டும்.

"மாமன்னரின் நேரம் விலைமதிப்பற்றது. ஆகவே முடிவை முதலில் சொல்லுங்கள். காரணங்களை அவர் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்" என்றார் பண்டிதர்.

"அவர் கேட்காவிட்டால்?" என்று ஒரு கிழ அமைச்சர் கேட்டார்.

"அதற்குத்தான் பின்னிணைப்பு இருக்கிறது."

பின்னிணைப்பு என்பது அரசவைக்குப் பின்னால் இருந்த ஓர் இருட்டறை. மூன்று குறிப்புகளில் அடங்காத பலகைகளை எல்லாம் அங்கே கொண்டுபோய்ச் சாத்தினார்கள். அந்த அறைக்கு உள்ளே போன மன்னர் எவரும் இல்லை. வெளியே வந்த பலகையும் இல்லை.

சட்டம் நன்றாகவே வேலை செய்தது. வடக்குச் சீமையில் பஞ்சம் வந்தபோது, 'உணவின் மீது மக்களின் ஆர்வம் பெருகியுள்ளது' என்று ஒரு பலகை வந்தது, பச்சை அம்போடு. மன்னர் மகிழ்ந்துபோய், ஆர்வம் இவ்வளவு இருக்கும்போது இலவசக் கஞ்சி எதற்கு என்று கஞ்சித் தொட்டிகளை மூடினார். பள்ளிக்கூடத்தின் கூரை விழுந்தபோது, 'திறந்தவெளிக் கல்வி தொடங்கியது' என்றது பலகை. மற்றப் பள்ளிகளின் கூரைகளையும் பிரிக்க உத்தரவாயிற்று. தேர்தலும் அந்த நாட்டில் உண்டு. வாக்குப் பலகையிலும் மூன்று பெயர்களுக்குத்தான் இடம் என்பதால் மன்னரின் இயற்பெயர், பட்டப்பெயர், செல்லப்பெயர் ஆகிய மூன்றும் போட்டியிட்டன. போட்டி கடுமையாக இருந்ததாகச் செய்தி வெளியானது.

இப்படியிருக்கையில் ஒரு நாள் பள்ளக்கரை என்ற ஊரின் தலைவி செங்கமலம் அரண்மனைக்கு வந்தாள். அந்த ஊர், பேரேரி என்ற பெரிய ஏரியின் கரைக்கு நேர் கீழே பள்ளத்தில் இருந்தது. வாசலில் நின்ற காவலர்கள் அவளைப் பலகை எழுதும் நாகலிங்கத்திடம் அனுப்பினார்கள்.

"என்னம்மா சேதி?" என்றார் நாகலிங்கம்.

"ஏரிக்கரை ஒழுகுதுய்யா. மழை பிடிச்சா ஊரே முழுகிடும். கல்லும் ஆளும் குடுங்க, அடைச்சுக்கிறோம்."

நாகலிங்கம் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். பண்டிதர் ஆண்டுக்கணக்கில் பாடம் எடுத்தும் அமைச்சர்களுக்கு வராத வித்தை அது. ஒரே மூச்சில், ஒரு வார்த்தை மிச்சமில்லாமல் சொல்லிவிட்டாள்.

"கல்லு இல்லைன்னா, சனத்தையாவது மேட்டுக்குக் கொண்டுபோக வண்டி குடுங்க" என்றாள் செங்கமலம். "எம் பொண்ணு முத்தழகி பிள்ளைப்பேறுக்கு வந்திருக்கா. நிறைமாசம். அவள நடத்திக் கூட்டிட்டுப் போக முடியாது."

நாகலிங்கம் நல்லவர். அன்றே உட்கார்ந்து அழகான பலகை ஒன்று செய்தார். உச்சியில் மேட்டு ஊர்கள். அடுத்துப் பேரேரி. அதன் கீழே பள்ளக்கரை. கரையின் விரிசலிலிருந்து ஊரை நோக்கி ஓர் அம்பு. 'ஏரி உடையப்போகிறது, பள்ளக்கரையைக் காப்பாற்றுங்கள்' என்று தலைப்பு. சரிபார்ப்பதற்காகப் பண்டிதரிடம் எடுத்துப் போனார்.

பண்டிதர் நெடுநேரம் பலகையைப் பார்த்தார். பிறகு விரலால் அம்பைத் தொட்டார்.

"இது கீழே போகிறது."

"தண்ணி கீழதானே ஐயா போகும்."

"தண்ணீர் எங்கு வேண்டுமானாலும் போகட்டும். அரசவையில் அம்பு கீழே போகாது. ஒன்று செய்யுங்கள். படத்தைத் தலைகீழாகத் திருப்பி வரையுங்கள்."

"திருப்பினா ஊரு ஏரிக்கு மேல வந்துடுமே ஐயா."

"வந்தால் என்ன? ஊருக்கும் ஒரு முன்னேற்றம்தானே." பண்டிதர் அடுத்துத் தலைப்புக்கு வந்தார். "பள்ளம் என்ற சொல் சோர்வூட்டுகிறது. உயர்கரை என்று எழுதுங்கள். 'உடையப்போகிறது' என்பதும் கூடாது. 'ஏரியின் வளம் உயர்கரையை நோக்கி' என்று போடுங்கள். விரிசல் பின்னிணைப்புக்குப் போகட்டும்."

"ஐயா, அந்த ஊரு சனம் செத்துப்போகும்."

"அது நான்காவது குறிப்பு, நாகலிங்கம்."

நாகலிங்கம் திருப்பி வரைந்தார். கை நடுங்கியது என்று பின்னாளில் சொல்லிக்கொண்டார். நடுங்கியிருக்கலாம். ஆனால் கோடு நேராகத்தான் விழுந்திருந்தது. சித்திரபுரியின் எல்லாப் பலகைகளையும் எழுதியவர்கள் இப்படிப்பட்ட நல்லவர்கள்தான். அதை நினைக்கும்போதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மறுநாள் அரசவையில் திரை விலகியது. மன்னர் பலகையைப் பார்த்தார். கீழே நீல நிறத்தில் ஏரி, மேலே உயர்கரை, நடுவில் பச்சை அம்பு. கொட்டாவி வரவில்லை. அவையே மூச்சுவிட்டது.

"மழைக்காலம் வருகிறது" என்று கனைத்துக்கொண்டு எழுந்தார் நீர்வளத்துறை அமைச்சர். "தாழ்வான ஊர்களைப் பற்றி மாமன்னர் கவலையுற்றிருந்தார். இதோ தீர்வு கண்முன்னே இருக்கிறது. ஏரிக்கும் மேலே, பலகையின் உச்சியிலேயே ஓர் ஊர். சுற்றுவட்டாரத்து மக்கள் அனைவரையும் உயர்கரையில் குடியேற்றலாம்."

ஓரத்தில் நின்றிருந்த செங்கமலத்துக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் முன்னால் ஓடிவந்தாள்.

"சாமி, அது எங்க ஊரு. அது மேட்டுல இல்ல, பள்ளத்துல கிடக்கு. படத்தத் தலைகீழா மாட்டியிருக்காங்க. அங்க போயா சனத்த அடைக்கிறீங்க?"

பண்டிதர் புன்னகை மாறாமல் அவள் பக்கம் திரும்பினார். "மிகவும் பயனுள்ள கருத்து. பின்னிணைப்பில் சேர்த்துக்கொள்கிறோம்" என்றார். காவலர்கள் அவளைக் கருத்தோடு சேர்த்து வெளியே கொண்டுபோய் விட்டார்கள்.

உத்தரவு அன்றே பறந்தது. மேட்டில் நிம்மதியாக இருந்த ஊர்களையும் 'தாழ்வானவை' என்று அறிவித்தார்கள், ஏனென்றால் பலகையில் அவை ஏரிக்குக் கீழே இருந்தன. மூட்டை முடிச்சோடு, கிழவர்களையும் ஆடுகளையும் இழுத்துக்கொண்டு மக்கள் பள்ளத்துக்குள் இறங்கினார்கள். ஏரிக்கரையைத் தலைக்கு மேலே பார்த்தபோது சிலர் தயங்கி நின்றார்கள்.

"ஏரி மேல இருக்கு, நாம கீழ இருக்கோம். இதப் போய் உயர்கரைங்கிறீங்களே?" என்று ஒருவர் காவலரிடம் கேட்டார்.

"எனக்கும் கண்ணு இருக்குய்யா" என்றார் காவலர். "ஆனா பலகையில அப்படி இல்லையே."

பாதுகாப்பான ஊரை விட்டு வெளியேறுவது மன்னரை அவமதிப்பதாகும் என்று அடுத்த உத்தரவு வந்தது. ஊரிலிருந்து வெளியே போகும் பாதைகளில் வேலியடித்தார்கள். முத்தழகியை அவள் அப்பா தோளில் தூக்கிக்கொண்டு வேலிவரை போனார். திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மழை பிடித்துக்கொண்டது. செங்கமலம் அரண்மனை வாசலை விட்டு நகரவில்லை. கல்லும் வேண்டாம், ஆளும் வேண்டாம், அந்தப் பலகையை மட்டும் ஒருமுறை திருப்பி மாட்டுங்கள் என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் கெஞ்சினாள். திருத்தம் கோருவதற்கும் பலகை வேண்டும் என்றார்கள். அவள் முறை வருமுன் ஏரி உடைந்தது. வாசலில் காத்துக்கிடந்ததால் அவள் மட்டும் உயிரோடு இருந்தாள்.

இதை வெள்ளம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. வெள்ளம் தானாக வரும். இங்கே ஏரியின் வாய்க்கு நேராக ஆட்களைக் கொண்டுவந்து அடுக்கி, ஓடிப்போகாமல் வேலியும் அடித்து வைத்தார்கள். அதைச் செய்தவர்களில் ஒருவருக்கும் அன்று தூக்கம் கெடவில்லை.

அடுத்த மாதம் அரசவையில் புதிய பலகை வந்தது. 'உயர்கரையிலிருந்து இப்போது ஒரு புகாரும் வருவதில்லை' என்பது தலைப்பு. ஒரு காலத்தில் வாரந்தோறும் முறையிட்ட ஊர், இன்று முழு அமைதி. மன நிறைவைக் காட்டும் பச்சை அம்பு பலகையைத் தாண்டி மேலே போய்க்கொண்டிருந்தது. மன்னர் நெகிழ்ந்துபோனார். 'புகாரற்ற ஊர்' என்ற கேடயத்தை உயர்கரைக்கு வழங்க ஆணையிட்டார். ஊர்த் தலைவர் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது மரபு. தேடிப்பிடித்து, செங்கமலத்துக்குப் புதுச் சேலை கட்டி மேடையில் ஏற்றினார்கள்.

"நன்றியுரை சுருக்கமாக இருக்கட்டும்" என்றார் பண்டிதர். "மூன்று குறிப்புகள்."

செங்கமலம் கேடயத்தைக் கையில் வாங்கவில்லை. மன்னரை நேராகப் பார்த்தாள்.

"எம் பொண்ணு முத்தழகி" என்றாள். "அவ வயித்துல இருந்த பிள்ளை. அவள வேலி வரைக்கும் தூக்கிட்டு வந்த எங்க வீட்டுக்காரரு."

அவை காத்திருந்தது.

"மூணு ஆயிடுச்சு. மூணுக்கு மேல சொல்லக் கூடாதுல்ல? மிச்சம் ஊரு முழுக்க இருக்குது. அவங்கள எங்க சொல்றது?"

பலகை எழுதுமிடத்தில் நாகலிங்கம் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. மன்னர் பண்டிதரைப் பார்த்தார். பண்டிதர் மெல்லிய குரலில், "பின்னிணைப்பில், மாமன்னா" என்றார். மன்னர் தலையசைத்தார். அவை கைதட்டியது. செங்கமலத்தைக் காவலர்கள் அந்த இருட்டறைப் பக்கமாகவே அழைத்துப்போனார்கள்.

இந்தக் கதையைக் கேட்டவர்கள் சித்திரபுரி எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்கிறார்கள். வரைபடத்தில் தேடினோம், கிடைக்கவில்லை என்கிறார்கள். நீங்கள் பார்க்கும் வரைபடத்தை உங்களுக்கு மாட்டிக்கொடுத்தது யார்? அதை ஒருமுறை திருப்பிப் பிடித்துப் பாருங்கள்.