ரிப்பன் முதலாளியும் கரண்ட் மெசினும்

திறப்பு விழாவுக்கென்றே பிறந்த மனித இனம் ஒன்று உண்டு. பார்த்திருப்பீர்கள். கத்தரிக்கோலைக் கண்டால் கை துடிக்கும். கல்வெட்டில் தன் பெயர் ஏறிவிட்டால், அந்தக் கட்டடத்துக்குக் கூரை இருக்கிறதா என்றுகூடப் பார்க்காது. சிவகாசிப் பட்டாசு முதலாளி ஜெயச்சந்திரன் அந்த இனத்தில் முழு வளர்ச்சி கண்டவர்.

ஏழை நாடுகளுக்கும் புற்றுநோய்க் கதிர்வீச்சுச் சிகிச்சை கிடைக்கப் பாடுபடும் வெளிநாட்டு அமைப்பு ஒன்று, அவர் தலைவராக இருந்த தர்ம ஆஸ்பத்திரிக்கு ஒரு மெசின் கொடுத்தது. பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்டது: கதிரின் அளவைக் கணக்கிடும் நிபுணர் இல்லாமல் மெசினை ஓட்டக் கூடாது, அவரை நீங்களே வேலைக்கு வைக்க வேண்டும்.

"அதுக்கென்ன, வச்சிருவோம்" என்றார். பந்தல் வைத்தார், மேளம் வைத்தார், பஸ் ஸ்டாண்டு வரை பிளெக்ஸ் வைத்தார், வாசலில் பத்தாயிரம் வாலா வைத்தார். நிபுணரைத்தான் வைக்கவில்லை.

அவர் கம்பெனியில் வெடிக்குத் திரி வைக்கும் நாரணாபுரத்துச் செல்லக்கனிக்குக் கருப்பை வாயில் புற்று. 'முதல் பயனாளி' என்று மாலை போட்டு, மெசின் பக்கத்தில் நிறுத்திப் படம் பிடித்தார்கள். மறுநாள் அவள் சிகிச்சைக்கு வந்தாள். அறை பூட்டிக் கிடந்தது.

"மெசினை ஓட்ட ஆளு வரலக்கா" என்றாள் நர்ஸ் பாண்டிமீனா. "கரண்ட் வைக்க மருதைக்குத்தான் போகணும். நாளக் கடத்தாதீக."

ஊர்ப் பேச்சில் கதிர்வீச்சுக்குப் பெயர் கரண்ட். ஐந்து வாரம் மதுரைக்குப் பஸ்ஸில் போய் வந்தாள். திரும்பும்போது விருதுநகர் வருவதற்குள் இரண்டு தடவை வாந்தி. அதே ஐந்து வாரத்தில் முதலாளி மூன்று சங்கங்களில் பொன்னாடை வாங்கினார்.

ஆறாம் மாதம், அமைப்பிலிருந்து ஒரு பெண் டாக்டர் பார்வையிட வந்தார். செல்லக்கனியை மறுபடி கூட்டி வந்தார்கள்.

"நல்லாயிட்டேன்னு மட்டும் சொல்லு தாயி" என்றார் முதலாளி.

"நல்லாயிட்டேம்மா" என்றாள் அவள் டாக்டரிடம். "மருதையில கரண்ட் வச்சாக. இங்கன மாலைதான் போட்டாக."

மொழிபெயர்க்க நின்ற முதலாளியின் மகள் பிரீத்தி அதை ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். அவளைக் கான்வென்டில் சேர்த்ததற்கு அன்றுதான் அவர் முதன்முதலாக வருந்தினார். மூன்று மாதத்தில் ஆள் வராவிட்டால் நடந்ததைப் பத்திரிகைக்கு எழுதித் தருவோம் என்றார் டாக்டர்.

பத்திரிகையா! இரண்டே மாதத்தில் நிபுணர் மணிகண்டராஜ் வந்து சேர்ந்தார். இப்போது செல்லக்கனியின் பக்கத்து வீட்டுப் பாண்டிலட்சுமி காலையில் சிகிச்சை முடித்து, மதியம் வீட்டில் உலை வைக்கிறாள். ஜெயச்சந்திரன் மட்டும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ஓடுகிற மெசினில் திறந்துவைக்க என்ன இருக்கிறது?

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன வருஷம் உங்கள் மகள் பிறந்தநாளுக்குப் பள்ளிக்கூடத்துக்குக் குடிநீர் மெசின் கொடுத்து, ஸ்டேட்டஸ் வைத்தீர்களே, அதில் இன்று தண்ணீர் வருகிறதா?