மயில்வாகனம் மீட்கப்பட்ட வரலாறு

பொதுமக்களின் உயிருக்கும் உடைமைக்கும் நேரக்கூடிய இடர்களை முன்னிட்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டாம் ஆண்டு, காஞ்சிபுரத்துப் பள்ளி ஒன்றிலிருந்து மாணவர் படையைச் சேர்ந்த மூன்று பேர் தேர்ந்தெடுக்கப்பட்டு, ‘தேடுதல் மற்றும் மீட்புச் சிறப்புப் பயிற்சி’க்காக இருபத்தொரு நாள் மலைப்பிரதேசத்துக்கு அனுப்பிவைக்கப்பட்டார்கள். தேர்வு மிகவும் கண்டிப்பாக நடந்தது. மேலிடத்திலிருந்து வந்த மூன்று ஜோடி பூட்ஸும் ஏழாம் நம்பர். படையில் ஏழாம் நம்பர் கால் மூன்று பேருக்குத்தான் இருந்தது.

முசரவாக்கத்து ராஜகோபால் தலைவன். சிட்டிபாபுவும் சாமுவேலும் அவனுக்குக் கீழே. போகும்போது நல்ல பிள்ளைகளாகத்தான் போனார்கள். எனக்குத் தெரியாதா? பள்ளிக்கு எதிரே வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கிற வேலாயுதம் நான்தான். திரும்பி வந்தபோது தலையில் ஆரஞ்சுத் தொப்பி, கழுத்தில் விசில், இடுப்பில் கயிறு, முகத்தில் ஒரு சுளிப்பு. ஊர் முழுக்க ஏதோ நாற்றம் அடிப்பதுபோலவும், நாகரிகம் கருதி அதைச் சொல்லாமல் இருப்பதுபோலவும் அந்தச் சுளிப்பு.

அதன்பிறகு அணிவகுப்பில் நிற்க மறுத்துவிட்டார்கள். நிற்பது ஜெனரல் டியூட்டியாம், இவர்கள் ஸ்பெஷலாம். மற்ற பையன்கள் குடிக்கிற பானையில் குடிக்கமாட்டோம் என்றார்கள். ஹெட்மாஸ்டர் பயந்துபோய்ப் பக்கத்தில் ஒரு புதுப்பானை வைத்தார். வாசல் வழியாக வகுப்புக்குப் போவது சாதாரண ஜனங்களின் வழக்கம் என்பதால், இவர்கள் கயிற்றில்தான் இறங்குவார்கள். பள்ளிக்கு மாடி கிடையாது. ஆகவே தினமும் காலையில் ஏணி போட்டு ஓட்டுக்கூரைமேல் ஏறி, அப்புறம் கயிற்றில் இறங்கி, முதல் பீரியட் முடிகிற நேரத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

ஒருநாள் ராஜகோபால் கடைக்கு வந்தான். முன்பெல்லாம் “அண்ணே, ஒரு அரை மணி வண்டி குடுண்ணே” என்று குழைகிற பையன்.

“சிவிலியன்! ஒரு சைக்கிள்” என்றான்.

“யாருடா சிவிலியன்? நான் வேலு அண்ணன்டா.”

“மனுசங்க மூணே வகை. மீட்கறவன், மீட்கப்படறவன், மத்தவன். நீங்க மத்தவன்.”

“மத்தவன் பம்பு அடிச்சாத்தான் உன் டயர்ல காத்து நிக்கும்” என்றேன். அவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இவ்வளவு கம்பீரத்துக்கும் நடுவில் அவர்களுக்கு ஒரு கவலை இருந்தது. தொண்ணூறு நாளுக்குள் ஒரு ஆளையாவது மீட்டு, மீட்புப் பணிச் சிறப்பு அலுவலர் துரைக்கண்ணுவிடம் கையெழுத்து வாங்கவேண்டும். தவறினால் தொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எங்கள் ஊரிலோ பூகம்பம் இல்லை, பனிச்சரிவு இல்லை, பாலாற்றில் தண்ணீரே இல்லை. எண்பத்தாறு நாள் ஓடிவிட்டது. பையன்கள் கையேட்டைப் புரட்டினார்கள். இங்கிலீஷிலிருந்து யாரோ புண்ணியவான் தமிழ்ப்படுத்தியது அது. அதில் முதல்தர ஆபத்தாளியின் இலக்கணம் இப்படி இருந்தது: ‘இடுப்பளவு பூமிக்குள் புதையுண்டு, கைகள் மட்டும் இடைவிடாது அசைந்துகொண்டிருக்க, பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பிப் பாராதவர்.’

இதைப் படித்ததும் உங்களுக்கு யார் ஞாபகம் வருகிறது? எங்கள் ஊர்க்காரராக இருந்தால் சொல்லவே வேண்டாம். குழித்தறியில் உட்கார்ந்து பட்டு நெய்கிறவன் அத்தனை பேரும் காலைக் குழிக்குள் விட்டு, மிதியை மிதித்துக்கொண்டு, இடுப்புக்கு மேலேதான் வெளியே தெரிவான்.

சாமுவேல் நியாயமான பையன். “டேய், அது தறிக்குழிடா. எங்க பக்கத்து வூடுடா” என்றானாம்.

“அது பயிற்சிக்கு முன்னாடி. இப்ப அது குழி” என்றான் ராஜகோபால்.

அந்தப் பக்கத்து வீடுதான் மயில்வாகனத்தின் வீடு. அவன் நெய்த புடவையைக் கட்டிக்கொண்டு எத்தனையோ பெண்கள் மணவறை ஏறியிருக்கிறார்கள். அவன் வீட்டில் ஒருத்தியும் அவன் கையால் நெய்ததைக் கட்டியதில்லை. முதல்முறையாக மகள் வடிவுக்கு முகூர்த்தப் புடவை நெய்துகொண்டிருந்தான். வியாழக்கிழமை கல்யாணம். அன்று சனிக்கிழமை. முந்தானை ஒன்றுதான் பாக்கி. அதை நெய்து முடிக்கவேண்டும், மகள் அதைக் கட்டி அவன் கண்ணால் பார்க்கவேண்டும். அந்த மனுஷனுக்கு அந்த மாதம் வேறு நினைப்பே இல்லை.

மூன்று பேரும் சன்னல் வழியாக உள்ளே குதித்தார்கள். கதவு திறந்துதான் இருந்தது.

“ஐயா! உங்க பேர் என்ன?”

“பதினேழு… பதினெட்டு…” மயில்வாகனம் பூவேலைக்கு இழை எண்ணிக்கொண்டிருந்தான்.

“நினைவு தப்பிடுச்சு. நம்பர் சொல்லிக்கினு இருக்காரு. இழுங்கடா!”

அக்குளில் கயிற்றைக் கொடுத்து ஒரே இழுப்பு. ஊடை இழை ஓட்டுகிற நாடாக்கட்டை ஒரு பக்கம் போயிற்று, மயில்வாகனம் ஒரு பக்கம் வந்தான்.

“அடப்பாவிங்களா, வுடுங்கடா! புடவைடா! என் பொண்ணு புடவைடா!”

‘பிதற்றல்: உண்டு’ என்று எழுதிக்கொண்டான் சிட்டிபாபு.

சத்தம் கேட்டு அவன் மனைவி தில்லையம்மாள் கரண்டியோடு ஓடிவந்தாள்.

“இது அபாயப் பகுதிமா. பின்னாடி போ.”

“என் வூட்ல நான் எங்கடா பின்னாடி போறது? பின்னாடி மாட்டுக்கொட்டாய்தான் இருக்குது!”

யார் சொல்லி யார் கேட்டது? மயில்வாகனத்தைக் கயிற்றுக்கட்டிலில் வைத்துக் கட்டி நான்கு தெரு சுற்றிக் காட்டிவிட்டு, தறி இருந்த அறைக்குச் சிவப்பு நாடா கட்டி அரக்குச் சீல் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

திங்கட்கிழமை அவனை அழைத்துக்கொண்டு நான் துரைக்கண்ணுவின் அலுவலகத்துக்குப் போனேன்.

“சார், அது ஆபத்தில்ல சார். தறிக்குழி. நாப்பது வருஷமா அதுலதான் உக்காந்துக்கினு இருக்கேன்” என்றான் மயில்வாகனம்.

துரைக்கண்ணு பேனாவைக் கீழே வைத்தார். கண் கலங்கிவிட்டது. “நாற்பது வருஷமா? ஒருத்தர்கூட வந்து பார்க்கலையா?” என்று கேட்டு, ‘நாற்பது ஆண்டுகள் சிக்கியிருந்தவர்’ என்று கோப்பில் எழுதினார்.

“இல்ல சார். நானேதான் இறங்கி உக்காருவேன்.”

“அப்ப தற்கொலை முயற்சின்னு எழுதட்டுமா?”

“வேணாம் சார்.”

“மீட்கப்பட்டவர் அதே இடத்துக்குத் திரும்பினால் மீட்பு ரத்து. ரத்தானா மாவட்டக் கணக்கு பூஜ்யம் ஆயிடும்.”

“பூஜ்யம்னா நல்லதுதானே சார்? யாருக்கும் ஆபத்தில்லைன்னு அர்த்தம்” என்றேன் நான்.

“ஆபத்தில்லைன்னா எனக்கு ஆபீஸ் எதுக்குய்யா?”

மயில்வாகனம் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டான். ஐம்பது வயசு ஆம்பிளை, துண்டை வாயில் வைத்துக்கொண்டு விக்கி விக்கி அழுதான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மேஜையைத் தூக்கிப் போட்டிருப்பேன். துரைக்கண்ணுவும் கல்நெஞ்சர் இல்லை, விதிநெஞ்சர். கையேட்டைப் புரட்டி ஒரு வழி கண்டுபிடித்தார். மீட்கப்பட்டவரை ‘ஒத்திகை’க்காக மறுபடி இறக்கலாம். ஆனால் அரைமணிக்கு ஒருமுறை மீட்டாகவேண்டும்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் மயில்வாகனம் இடுப்பில் கயிற்றோடு நெய்தான். மறுமுனை ராஜகோபால் கையில். சரியாக அரைமணி ஆனதும் விசில், ஒரு இழுப்பு, மயில்வாகனம் குழிக்கு வெளியே. மறுபடி இறங்குவான்.

“டேய் தம்பி, இழையை அடிச்சுச் சேக்கற நேரத்துல மட்டும் இழுக்காதடா. கோணிக்குதுடா.”

“டைம் ஆயிட்டா டைம்தான், சிவிலியன்.”

முந்தானை முடிந்தது. இழுத்த இடத்திலெல்லாம் ஜரிகை வளைந்து நெளிந்து ஓடியிருந்தது. நாற்பது வருஷத்தில் மயில்வாகனம் கையில் ஒரு இழை கோணினதில்லை. மகள் புடவையில் முப்பத்தோரு கோணல். தில்லையம்மாளுக்கு அதை மடித்து வைக்கவே கை கூசியது.

முகூர்த்த நேரத்தில் வடிவு அதைத்தான் கட்டிக்கொண்டு வந்தாள். மாப்பிள்ளையின் தாயார் லோகாம்பாள் முந்தானையைக் கையில் எடுத்தாள். மேளக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டார். கூறைப்புடவையில் குறை இருந்தால் எழுந்து போய்விடுகிற ஜனம் அது. மயில்வாகனம் தூண் மறைவில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

“என்னாமா இது, பாம்பு ஊர்ந்தாப்பல இருக்குது?”

வடிவு தலை நிமிராமல் சொன்னாள்: “ஸ்பெஷல் மீட்புங்க அத்தே. ஆரஞ்சுத் தொப்பிக்காரங்க நேர்ல வந்து முப்பத்தோரு வாட்டி இழுத்துப் போட்டது. சாதாரண ஜனங்களுக்கு இது கிடைக்காது. அப்பா நாப்பது வருஷம் சிக்கியிருந்தாருன்னு ஆபீஸ் கோப்புலயே ஏறியிருக்குது.”

லோகாம்பாள் முந்தானையை விட்டுவிடவில்லை. பிரித்து, நாலு பேருக்குத் தெரிகிற மாதிரி மருமகள் தோளில் போட்டாள். “பாத்துக்கோங்கமா, எங்க சம்பந்தி வூடு நாப்பது வருஷம் சிக்கியிருந்து மீண்ட வூடு” என்றாள். மேளம் தொடர்ந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை என்னவென்று சொல்ல! அடுத்த முகூர்த்தத்துக்கு ஒரு பெண்ணும் நேர்ப் புடவையைத் தொடவில்லை. எல்லாருக்கும் மீட்பு முந்தானை வேண்டும். தெருவில் தறிக்குத் தறி கயிறு கட்டினார்கள். மூன்று தொப்பிகளும் வீடு வீடாகப் போய் இழுத்தன. கேட்டவர் எல்லாருக்கும் உடனே இழுத்துவிடமாட்டார்கள். முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். துரைக்கண்ணு ‘தினம் ஐந்நூறு பேர் மீட்பு’ என்று எழுதி அனுப்பினார். மாநிலத்திலேயே மிகவும் ஆபத்தான ஊர் என்று எங்கள் ஊருக்குப் பெயர் கிடைத்தது, அவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

மயில்வாகனத்துக்கு மனசு கேட்கவில்லை. யாருக்கும் சொல்லாமல் கயிறில்லாமல் ஒரு புடவை நெய்தான். கோடு போட்ட மாதிரி முந்தானை. கடைக்காரர் விரித்துப் பார்த்துவிட்டு, “என்னாபா மயிலு, கை தளர்ந்துபோச்சா? நேரா போவுதே” என்று திருப்பிக் கொடுத்தார்.

மறுவருஷம் அடுத்த மூன்று பையன்கள் பயிற்சி முடித்து வந்து இறங்கினார்கள். பஸ் ஸ்டாண்டில் ஒரு கூட்டமே காத்திருந்தது. முன்வரிசையில் மயில்வாகனம், கையில் சாமந்தி மாலை.

“யோவ், உன்னை இழுத்துத் தெருத்தெருவா தூக்கினு போன படைக்கா மாலை? வெக்கமா இல்ல?” என்றேன்.

“பழைய பசங்க சரியில்ல வேலு. ராஜகோபால் கை மெத்துன்னு ஆயிடுச்சு. கோணலே வுழ மாட்டேங்குது” என்றவன், என் கையைப் பார்த்தான். “அது சரி, உன் கையில என்னா?”

என் கையில் இருந்ததும் மாலைதான். தையில் என் மகளுக்குக் கல்யாணம். சம்பந்தி வீட்டில் ஐம்பது கோணலுக்குக் குறைந்தால் தாலி கட்டமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.