மாமா மிதிக்க மறுத்த பொறிவண்டு

எனக்கு வாய் நீளம். பெருமை அதைவிட நீளம். இரண்டும் சேர்ந்து என் கல்யாணத்துக்கே உலை வைக்கப் பார்த்தன.

பசுவந்தனையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளையைப் போட்டோவிலேயே பிடித்துவிட்டது. (வெளியே காட்டிக்கொள்ளவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். அம்மா இரண்டு தடவை "ஏட்டி, பல்ல மூடு" என்றாள்.) ஆனால் ஒரு நிபந்தனை வைத்திருந்தேன். வீட்டிலிருந்தே வீடியோ கேம் செய்யும் என் வேலையைக் கல்யாணத்துக்குப் பிறகும் விடமாட்டேன். அதற்குச் சம்மதம் சொல்ல வேண்டியவர் மாப்பிள்ளையின் அப்பா, முழுநேர விவசாயி.

காபியைக் குடித்து முடித்தவர் கேட்டார்: "ஏம்மா, கம்ப்யூட்டர்ல அப்படி என்னதான் வேல பாக்குத?"

"சொன்னா வெளங்காது மாமா. நீங்களே வெளையாடிப் பாருங்க" என்று லேப்டாப்பை அவர் மடியில் வைத்துவிட்டேன். சும்மா இருந்திருக்கலாம்!

ஒரு சின்னப் பெண் திட்டுத் திட்டாகத் தாவி ஏறும் விளையாட்டு அது. வழியெல்லாம் ரோபோ பூச்சிகள் வரும். தலையில் குதித்து மிதித்தால் அது காலி. விட்டால் நாம் காலி. நெட்டில் படம் பார்த்து, பயங்கரமாக இருந்த பூச்சிகளை எதிரியாக்கினேன். பாவமாக இருந்த ஒன்றை நண்பனாக்கினேன். (நான் கோவில்பட்டி டவுன்காரி. மக்காச்சோளத்தை நான் பார்த்ததெல்லாம் பஸ் ஸ்டாண்டில், மிளகாய்ப்பொடி தடவிய பிறகுதான்.)

முதலில் சிவப்பு இரும்பு முதுகோடு பொறிவண்டு வந்தது. மாமா அசையவில்லை.

"மிதிங்க மாமா!"

"எதுக்கு? பயிர்ல அடையுத அசுவினிப் பேனத் தின்னுத பூச்சிலா இது?"

ஓர் உயிர் போயிற்று. அடுத்து, கைகளில் ரம்பத்தோடு கும்பிடுபூச்சி. "இவிய நம்ம காட்டுக்குக் காவல்காரவியம்மா. இவியளப் போயா மிதிக்கச் சொல்லுத?" என்று மரியாதையாக ஒதுங்கி நின்றார். இரண்டாவது உயிரும் போயிற்று.

கடைசி உயிரில் என் செல்ல நண்பன் வந்தான். பெரிய கண்களோடு, நெற்றியில் கவட்டை மாதிரி ஒரு வெள்ளைக் கோடு போட்ட குட்டி ரோபோ புழு. தொட்டால் புது உயிர் கொடுப்பான்.

"ஏலே, படைப்புழு! போன வருசம் என் மக்காச்சோளம் பூராத்தையும் தின்னது நீதானலே!"

தாவும் பட்டனைப் படார் படாரென்று அடித்தார். புழு நசுங்கியது. திரையில் நான் ஆசை ஆசையாக எழுதி வைத்திருந்த வாசகம் வந்தது: 'நண்பனைக் கொன்ற பாவியே, ஆட்டம் முடிந்தது!'

மாமா கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுக்குச் சம்பளம் வேற குடுக்காவளா?"

போச்சு, மாப்பிள்ளை போச்சு, எல்லாம் போச்சு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பட்டுப்புடவை முந்தானையில் மூக்கைச் சிந்தினேன். மாப்பிள்ளை தரையைப் பார்த்து, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மாமா என் அப்பா பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, இந்தப் பிள்ளைய இங்கனயே விட்டா இன்னும் எத்தன நல்ல பூச்சியக் கொல்லுமோ! நம்ம வீட்டுக்கு வரட்டும். வேலைய விட வேண்டாம். நான் பக்கத்துல இருந்து பாத்துக்கிடுதேன்."

பார்த்துக்கொள்ளத்தான் செய்கிறார். கல்யாணமான நாளிலிருந்து இன்று வரை எந்தப் பூச்சியை நோக்கி நான் விளக்குமாற்றைத் தூக்கினாலும், வீடே சேர்ந்து கத்துகிறது: "பொறு, அப்பாட்ட கேட்டுக்கிடுவோம்!"

போன வாரம் சமையலறையில் ஒரு கரப்பான்பூச்சி. மாமா மக்காச்சோளக் காட்டில் இருந்தார், போனை எடுக்கவில்லை. அரை மணி நேரம் நான் மேடைமேலேயே நின்றேன்.